தீனி போடும் பெண்: 'அசிங்க வாத்துக்குஞ்சு' கதையில் நாம் தாண்டிப் போகும் ஒரு வரி

ஆண்டர்சனின் 'அசிங்க வாத்துக்குஞ்சு' கதையை முழுதாகப் படித்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு வாத்துக்குஞ்சு அவலட்சணமாகப் பிறக்கிறது, எல்லாரும் விரட்டுகிறார்கள், கடைசியில் அது அன்னம் என்று தெரிகிறது. ஞாபகத்தில் தங்குவது இவ்வளவுதான். மூலக்கதை இதைவிட நீளம். டேனிஷ் மொழியில் எழுதப்பட்டு 1843 நவம்பரில் கோபன்ஹேகனில் வெளிவந்தது. அதில், வாத்துப் பட்டியில் குஞ்சு படும் பாட்டைச் சொல்லும் இடத்தில் ஒரு வரி வருகிறது. வாத்துகள் கடித்தன, கோழிகள் கொத்தின என்று சொல்லிக்கொண்டே வந்து, பறவைகளுக்குத் தீனி போடும் பெண்ணும் அதைக் காலால் உதைத்தாள் என்று முடிகிறது. அவளுக்குப் பேர் கிடையாது, பேச்சு கிடையாது. அதற்கப்புறம் கதையில் அவள் வருவதும் இல்லை.

இந்தக் கட்டுரை அவளைப் பற்றித்தான். அந்தப் பட்டியில் எதையாவது மாற்றி அமைக்கக்கூடிய கை அவளுடையது ஒன்றுதான். ஆனால் கதை அவளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. துன்பத்துக்குக் காரணத்தையும் குஞ்சின் மேலேயே போடுகிறது, தீர்வையும் குஞ்சுக்குள்ளேயே தேடுகிறது. கதையின் பெரிய குறை இதுதான் என்பது என் வாதம். இதைச் சொல்ல இலக்கியக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. புதுக் குஞ்சை வளர்ந்த வாத்தோடு எப்படிச் சேர்ப்பது என்று வாத்து வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயமே போதும்.

ஏன் இப்போது

அக்கா மகள் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தாள். ஒண்ணாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே படித்த கூட்டம் அது, இவள் நடுவில் போய் விழுந்தவள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார விடவில்லை, பேரைத் திரித்துக் கூப்பிட்டார்கள். எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். ஆசிரியர் ஒருவர், நல்ல மனசோடுதான், இந்தக் கதையைச் சொல்லி, நீயும் அன்னம்தான், கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்று அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, நான் கடைசி வரைக்கும் வாத்தாவே இருந்துட்டா?"

இந்தக் கதையைப் பற்றி நான் படித்த பல விமர்சனங்களைவிட இந்தக் கேள்வி கூர்மையானது. அன்னமாக மாறாத குஞ்சுக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியோடு கதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

பட்டியில் உண்மையில் நடப்பது என்ன

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டர்சன் பட்டியை நன்றாகவே கவனித்து எழுதியிருக்கிறார். தாய் வாத்து குஞ்சுகளோடு உள்ளே நுழையும்போது அங்கே இரண்டு குடும்பங்கள் ஒரு விலாங்கு மீன் தலைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. கடைசியில் அது பூனைக்குப் போகிறது. தீனி பற்றாத பட்டி அது. புதுக் குஞ்சுகளைப் பார்த்ததும் மற்ற வாத்துகள் முதலில் சொல்வது "எவ்வளவு அசிங்கம்" என்பதல்ல. ஏற்கெனவே நாம இவ்வளவு பேர் இருக்கோம், இதில் இந்தக் கும்பல் வேறயா என்கிற மாதிரியான முணுமுணுப்புத்தான் முதலில் வருகிறது. அசிங்கம் என்கிற பேச்சு அடுத்துத்தான். ஒரு வாத்து பாய்ந்து குஞ்சின் கழுத்தைக் கடிக்கிறது. தாய் தட்டிக் கேட்டதும் அது சொல்லும் காரணம், இது ரொம்பப் பெரிசா இருக்கு, வித்தியாசமா இருக்கு, அதனால் கடிக்கத்தான் வேண்டும் என்பது.

ஆக, காரணங்கள் வரிசையாகக் கதையிலேயே கிடக்கின்றன. இடம் போதவில்லை, தீனி போதவில்லை, புதுசாக வந்தவர்கள். போதாததற்குப் பட்டியில் ஒரு பதவி வரிசையும் இருக்கிறது. காலில் சிவப்புத் துணி கட்டிய கிழட்டு வாத்துக்கு எல்லாரும் தலை வணங்க வேண்டும், அதன் உடம்பில் ஓடுவது ஸ்பானிய ரத்தமாம். இத்தனையையும் கண்ணால் பார்த்து எழுதிய ஆள், அடுத்த பத்தியிலிருந்து எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்: அசிங்கம். குஞ்சும் அதை நம்பிவிடுகிறது. வேலி தாண்டி ஓடும்போது புதரிலிருந்த சின்னப் பறவைகள் பயந்து பறந்தால், நான் அசிங்கமா இருப்பதால்தான் என்று நினைக்கிறது. வேட்டை நாய் கடிக்காமல் போனால், அதற்கும் அதே காரணம். துன்புறுத்தப்பட்ட ஒரு ஜீவனின் மனசு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் கிடையாது. ஆனால் கதைசொல்லி அந்த மனசை விட்டு வெளியே வந்து, இல்லப்பா, காரணம் அது இல்லை என்று ஒரு இடத்திலும் சொல்வதில்லை. முடிவும் குஞ்சின் நம்பிக்கையைத் திருத்தவில்லை, திருப்பிப் போடுகிறது, அவ்வளவுதான்: அசிங்கமா இருந்ததால் விரட்டினார்கள், அழகா ஆனதும் ஏற்றுக்கொண்டார்கள்.

வாத்துக்கு அழகு தெரியுமா

நம்மூர்க் கிராமங்களில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைக்கிற பழக்கம் உண்டு. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்த ஒரு வாரத்தையும் சேர்த்து அடைக்கோழி உட்கார்ந்திருக்கும். பொரிந்து வருவது தட்டை அலகு, சவ்வுக்கால். கோழியின் கண்ணுக்கு இதைவிட விநோதமான குஞ்சு இருக்க முடியாது. ஆனாலும் இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்போதுதான் கரையில் நின்று தவிக்கும். தனக்கடியில் பொரிந்தது, தன் பின்னால் வருகிறது, அது போதும் அதற்கு. குஞ்சின் பக்கமும் அப்படித்தான். பொரிந்த முதல் ஓரிரு நாளில் கண்முன் அசைவதைத் தாயாக மனதில் பதித்துக்கொள்ளும். சாம்பல்நிற வாத்துகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

இந்தக் கணக்கில் ஆண்டர்சனின் தாய் வாத்து சரியாகவே நடந்துகொள்கிறது. அன்ன முட்டை பொரிய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பெரிய முட்டைக்காக அது கூடுதலாக உட்கார்ந்திருப்பதும், குஞ்சு நன்றாக நீந்துகிறது, என் பிள்ளைதான் என்று சொல்வதும் நம்பக்கூடியவை. பின்னால் அதே தாய், நீ எங்கேயாவது தொலைந்து போனால் தேவலை என்று சொல்லும் இடம் வாத்துடையது அல்ல. அது ஊர் வாய்க்குப் பயந்த மனுஷத் தாயின் குரல்.

சரி, வளர்ந்த வாத்து புதுக் குஞ்சைக் கடிப்பது பொய்யா? இல்லை, நூறு சதவீதம் நிஜம். ஆனால் அழகான புதுக்குஞ்சையும் அதேபோல் கடிக்கும். பறவைக் கூட்டத்துக்குள் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்குவது என்று ஒரு வரிசை இருக்கும். கோழிகளிடம் இந்தக் கொத்தும் வரிசையை 1920களின் தொடக்கத்தில் விவரித்து எழுதியவர் நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பெ. வாத்துகளிடம் இது கோழி அளவுக்குக் கறாராக இல்லாவிட்டாலும் உண்டு. புதுசாக ஒன்று வந்தால் வரிசை கலைகிறது. மறுபடி அடுக்கும் வரைக்கும் விரட்டலும் கொத்தலும் நடக்கும். அந்த அடுக்கல் நாலு நாள் தள்ளுமுள்ளாக முடியுமா, சாவில் முடியுமா என்பதைத் தீர்மானிப்பது குஞ்சின் முகம் அல்ல. இடம், தீனி, நேரம். மூன்றும் வளர்ப்பவர் கையில் இருப்பவை.

அவள் என்ன செய்திருக்கலாம்

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். உதைத்த காலை எடுத்துவிட்டு, அவள் கையால் என்னென்ன செய்திருக்கலாம்? இன்றைக்கு ஒரே ஒரு வளர்ந்த வாத்தை வைத்துக்கொண்டு, துணைக்கு ஒரு குஞ்சு வாங்கலாமா என்று யோசிக்கிற யாருக்கும் பொருந்தும் விஷயங்கள் இவை.

முதலில், வெளியிலிருந்து வாங்கி வந்த குஞ்சைச் சேர்க்கவே கூடாது. இரண்டிலிருந்து நாலு வாரம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். நோய், பேன், உண்ணி இருந்தால் அதற்குள் தெரியும். தாயில்லாத குஞ்சென்றால் முதல் வாரம் சுமார் 32 டிகிரி வெப்பம் வேண்டும், பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். தாயோடு வளராத குஞ்சின் பஞ்சு மயிர் தண்ணீரில் சீக்கிரம் ஊறிவிடும். வாத்துதானே, நீந்தட்டும் என்று குளத்தில் விட்டால் விறைத்துச் செத்துப்போகும்.

இரண்டாவது, கம்பி வலை. பெரிய வாத்து இருக்கும் இடத்திலேயே ஒரு மூலையை வலையால் தடுத்துக் குஞ்சை அதற்குள் விட வேண்டும். பார்க்கலாம், கேட்கலாம், கடிக்க முடியாது. வலைக்கு இரண்டு பக்கமும் பக்கத்துப் பக்கத்திலேயே தீனி வைத்தால், அந்தப் புதுசு இருக்கும்போதும் நமக்குச் சாப்பாடு கிடைக்கும் என்பது பெரியதுக்குப் பழகிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் வலையோரமாகப் படுக்கத் தொடங்கினால் நல்ல அறிகுறி. வலையைக் கொத்திக்கொண்டே இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, அவசரப்படக் கூடாது. குஞ்சுக்கு முழு இறகு வர ஏழெட்டு வாரம் ஆகும். உடம்பில் பெரியதுக்குக் கொஞ்சமாவது ஈடு கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் வலையை எடுக்க வேண்டும். அதுவும் முதலில் பகலில், நாம் பக்கத்தில் இருக்கும்போது, அரை மணி நேரம். பெரியது தன் ராஜ்ஜியமாக நினைக்கும் கூண்டுக்குள் வேண்டாம், இரண்டுக்கும் சொந்தமில்லாத திறந்த இடமாக இருந்தால் நல்லது. ராத்திரி ஒரே கூண்டில் அடைப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அடைபட்ட இடத்தில் தோற்ற பறவைக்கு ஓட வழியில்லை.

நாலாவது, தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. விலாங்குத் தலை ஒன்றுதான் என்றால் சண்டை வரத்தான் செய்யும். தீனியிலேயே இன்னொரு சங்கதியும் உண்டு. முட்டையிடும் பறவைக்கான லேயர் தீவனத்தில் கால்சியம் அதிகம், வளரும் குஞ்சின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. சேர்ந்து மேயும் காலத்தில் எல்லாருக்கும் வளரும் பருவத் தீவனத்தைப் போட்டு, முட்டையிடும் வாத்துக்குச் சிப்பி ஓட்டுத் தூளைத் தனியாக வைத்துவிடலாம்.

அஞ்சாவது, முடிந்தால் ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குவது. அடி இரண்டாகப் பிரியும், ஓடி ஒதுங்கவும் ஒரு துணை இருக்கும்.

கடைசியாக, எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். கழுத்தை நீட்டி விரட்டுவது, போகிற போக்கில் ஒரு கொத்து, தீனியிலிருந்து ஒரு தள்ளு, இவையெல்லாம் நடக்கும், விட்டுவிடலாம். கழுத்தைப் பிடித்து விடாமல் அழுத்துவது, ரத்தம், ஒரு மூலையிலேயே முடக்கிப் போடுவது, தண்ணீருக்குள் அமுக்குவது, இதில் ஒன்று நடந்தாலும் உடனே பிரித்து மறுபடி வலைக்குப் பின்னால் போக வேண்டும். பெரியது ஆண் வாத்தாக இருந்தால் இனப்பெருக்கக் காலத்தில் இளம் பெட்டையை அதோடு விடவே கூடாது. அதன் ஆவேசத்தைத் தாங்கும் உடம்பு அதற்கு இன்னும் வந்திருக்காது.

இந்தப் பட்டியலை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. குஞ்சு செய்ய வேண்டியது என்று இதில் எதுவும் இல்லை. பொறுத்துக்கொள், அழகாகு, உன் உண்மையான இனத்தைக் கண்டுபிடி என்று ஒரு வரி கூடக் கிடையாது.

நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால்

ஆண்டர்சன் கதையில் உதவியே இல்லையா? இருக்கிறது. பனியில் உறைந்து கிடக்கும் குஞ்சை ஒரு விவசாயி மரச்செருப்பால் பனியை உடைத்து மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அங்கே பிள்ளைகள் விளையாட ஓடி வருகிறார்கள். குஞ்சு பயந்து பால் பாத்திரத்தில் விழுந்து, வெண்ணெயில் விழுந்து, மாவில் புரண்டு, வீட்டம்மா இடுக்கியைத் தூக்கிக்கொண்டு விரட்டி, மறுபடி பனிக்குள் ஓடுகிறது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அடிபட்ட ஒரு ஜீவனைத் தடுப்பு இல்லாமல், அவகாசம் இல்லாமல், சத்தத்துக்கு நடுவில் இறக்கிவிட்டால் நல்ல மனசும் வீணாகும் என்று ஆண்டர்சனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒரு சிரிப்புக் காட்சியாக எழுதித் தாண்டிவிடுகிறார்.

முடிவுக்கு வருவோம். வசந்தகாலம், தோட்டத்துக் குளம், மூன்று அன்னங்கள். புதுசாக வந்ததைச் சுற்றி வந்து அலகால் தடவிக் கொடுக்கின்றன. 'அன்னம்' என்ற சொல்லே தமிழில் நமக்கு இந்த இடத்தைச் சந்தேகிக்க விடுவதில்லை. பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை, நளனுக்குத் தூது போன பறவை, அது எங்கே கொத்தப்போகிறது? டென்மார்க்கில் நீந்துவது ஆங்கிலத்தில் மியூட் ஸ்வான் என்று சொல்லும் பறவை. 1984இலிருந்து அந்த நாட்டின் தேசியப் பறவை. வசந்தத்தில் கூடு கட்டும் ஜோடி தன் எல்லைக்குள் வேறு அன்னத்தை விடாது. இறக்கையை வளைத்துத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வரும். போன வருஷம் தானே பொரித்த பிள்ளைகளையும் துரத்திவிடும். ஜோடி சேராத இளம் அன்னங்கள் கூட்டமாகத் திரியும், அங்கே புதியதுக்கு இடம் கிடைப்பதுண்டு. ஆண்டர்சனின் மூன்றும் அந்த ரகம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வயசுகூட ஆகாத அன்னம் இன்னும் சாம்பலும் பழுப்பும் கலந்துதான் இருக்கும். தண்ணீரில் தெரியும் அந்தத் தூய வெள்ளைப் பிம்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உருவகக் கதையில் இதையெல்லாம் கேட்கலாமா என்று நீங்க கேட்கலாம். பட்டியை அவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதிய கை, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

டேனிஷ் விமர்சகர் பிராண்டெஸுக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. அன்னம் சுதந்திரமாகப் பறந்திருக்கலாம், இல்லை செத்தே போயிருக்கலாம், தோட்டத்துக் குழந்தைகள் போடும் ரொட்டியைத் தின்கிற வீட்டுப் பறவையாக முடிந்திருக்க வேண்டாம் என்பது அவருடைய குறை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரோ அன்போடு தீனி போடும் இடத்தில் ஒரு பறவை வந்து சேர்வதில் என்ன கேவலம்? எனக்கிருக்கும் குறை வேறு. அந்தத் தீனி அழகான பிறகுதான் கிடைக்கிறது. டிஸ்னி 1939இல் எடுத்த குறும்படம் இந்த ஒரு விஷயத்தில் மூலத்தைவிட நியாயமானது. அதில் குஞ்சு குஞ்சாக இருக்கும்போதே ஒரு தாய் அன்னமும் அதன் பிள்ளைகளும் சேர்த்துக்கொள்கின்றன. நீர்ப்பறவைகளில் சிறு குஞ்சுகளை வேறு குடும்பம் ஏற்றுக்கொள்வது நிஜமாகவே நடப்பதுதான். ஆனாலும் அங்கேயும் சொந்த இனம் கிடைத்தால்தான் விடிவு.

ஆண்டர்சனுக்குத் தீனி போட்டவர்

இது ஆண்டர்சனின் சொந்தக் கதை என்று சொல்வது வழக்கம். அப்படியே எடுத்துக்கொள்வோம். ஓடென்ஸ ஊரில் செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுக்கும் பெண்ணுக்கும் பிறந்து, 1819இல் 14 வயசில் தனியாகக் கோபன்ஹேகன் வந்தவர். மேடையில் இடம் கிடைக்கவில்லை. 1822இல் அரச நாடக அரங்கின் இயக்குநர்களில் ஒருவரான யோனாஸ் கொலின் அரச நிதியிலிருந்து பணம் ஏற்பாடு செய்து அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே தலைமையாசிரியர் மைஸ்லிங் அவரை ஓயாமல் அவமானப்படுத்தினார். பின்னால் கொலின்தான் அவரை அங்கிருந்து விடுவித்தார். கொலின் வீடு கடைசிவரை அவருக்குக் குடும்பம் மாதிரி இருந்தது. 1838இலிருந்து அரசரின் உதவித்தொகையும் வந்தது.

அதாவது ஆண்டர்சனின் நிஜ வாழ்க்கையில் தீனி போடும் ஆள் ஒருவர் இருந்தார். உதைக்காமல், இடத்தை மாற்றிக் கொடுத்த ஆள். ஆனால் கதையின் தீர்ப்பு, அன்ன முட்டையிலிருந்து வந்தவனுக்கு வாத்துப் பட்டியில் பிறந்தது ஒரு பொருட்டே இல்லை என்பது. எல்லாம் முட்டைக்குள்ளேயே இருந்ததாம். கொலினுக்குக் கதையில் இடம் இல்லை. அவர் இருக்கிறார் என்றால், பனியை உடைத்துவிட்டுக் காணாமல் போகும் அந்த விவசாயியாகத்தான்.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்டவரின் மனசை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் குழந்தைக் கதைகள் அதிகம் இல்லை. ஆனால் புதுசாக ஒரு இடத்துக்கு வந்து அடி வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆறுதலாக இதைச் சொல்லும்போது, நீ அன்னம் என்று சொல்லி முடித்துவிடாதீங்க. அது அன்னமா இல்லையா என்பது நமக்கும் தெரியாது, அது முக்கியமும் இல்லை. தீனி போடும் பெண் வரும் வரியில் நிறுத்தி, இவ நெனச்சிருந்தா என்ன பண்ணியிருக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்க. பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். தனியா வச்சுப் பழக்கியிருக்கலாம், ரெண்டு தட்டு வச்சிருக்கலாம், பக்கத்துல நின்னு பார்த்திருக்கலாம். வகுப்பில் உட்காரும் இடத்தை மாற்றுவதும், சாப்பாட்டு மணியில் ஒரு பெரியவர் அங்கே நிற்பதும், புதுப் பிள்ளைக்கு ஒரு துணையைச் சேர்த்துவிடுவதும் அதே வேலைதான். அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.